இடுப்பு முன்மூட்டு விலகல்: கர்ப்பிணித் தாயும் கணவரும் அறிய வேண்டியவை



கருவுற்ற ஏழாம் மாதம், எட்டாம் மாதத்தில் சில பெண்களின் நடையே மாறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வாத்து நடப்பதுபோல இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து நடப்பார்கள். பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பார்கள். ராத்திரியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரளும்போது "அம்மா" என்று அலறிவிடுவார்கள். என்னவென்று கேட்டால், "கவட்டு எலும்புல கத்தி வச்சுக் கீறுற மாதிரி இருக்கு" என்பார்கள்.

இதற்கு வீட்டில் என்ன பதில் கிடைக்கிறது? "நாங்க பெறாத பிள்ளையா? நடவு வயல்ல நிக்கும்போதே வலி எடுத்து வந்து பெத்தவ நான். உட்கார்ந்தே இருந்தா உடம்பு கனத்துப்போகும். குனிஞ்சு நிமிந்து வாசலைக் கூட்டு, எல்லாம் சரியாப் போகும்." மாமியார் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கர்ப்பிணிப் பெண் உடலை அசைத்து வேலை செய்வது நல்லதுதான். சாதாரண இடுப்பு அசதிக்கு அந்தப் பேச்சு பொருந்தும். ஆனால் இந்த ஒரு வலிக்கு மட்டும் அது பொருந்தாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெருக்கப் பெருக்க இந்த வலி கூடுமே தவிரக் குறையாது. இது சோம்பேறித்தனத்தின் வலி அல்ல. எலும்பு மூட்டின் வலி.

மூட்டு எங்கே இருக்கிறது?

மூட்டு என்றவுடன் முழங்காலும் முழங்கையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இடுப்பிலும் மூட்டு உண்டு. நமது இடுப்பெலும்பு ஒரே எலும்பு அல்ல. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, பின்னால் முதுகுத்தண்டின் அடியில் முக்கோணமாக ஒன்று, இவை சேர்ந்து ஒரு வளையமாக நிற்கின்றன. முன்பக்கத்தில், அடிவயிறு முடிகிற இடத்தில் கைவைத்து அழுத்தினால் கெட்டியாகத் தட்டுப்படுகிறதே, அந்த இடத்தில்தான் வல எலும்பும் இட எலும்பும் சந்திக்கின்றன. நடுவில் குருத்தெலும்பு இருக்கிறது. சுற்றிலும் உறுதியான தசைநார்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. இரண்டு எலும்புக்கும் இடையே சாதாரணமாக நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும்.

கருவுற்றதும் பெண் உடலில் சில ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. ரிலாக்ஸின் என்பது அவற்றுள் ஒன்று. இவை தசைநார்களைக் கொஞ்சம் இளக்கிவிடுகின்றன. குழந்தையின் தலை இறங்கி வரும்போது இடுப்பு வளையம் சற்றே இடம் கொடுக்க இது உதவுகிறது. ஆகவே நிறைமாதத்தில் இந்த இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுவது இயற்கையே. பல பெண்களுக்கு அது தெரிவதுகூட இல்லை.

சிலருக்கு மட்டும் இளக்கம் அதிகமாகிவிடுகிறது, அல்லது ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் அசைகிறது. மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். வட்டக் கட்டைகளில் ஒரு இணைப்பு ஆட்டம் கண்டால் போதும், சக்கரம் முழுவதும் கிறீச்சிடும். அதுபோல முன்மூட்டு ஆடினால் பின்பக்க மூட்டுகளும் சேர்ந்து வலிக்கும். முன்னால் தொடங்கிய வலி தொடையின் உட்பக்கத்துக்கும் இடுப்பின் பின்பக்கத்துக்கும் பரவுவது இதனால்தான். கர்ப்பிணிகளில் ஐந்து பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த வலி வருகிறது. தாயின் வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் வயிற்றிலுள்ள குழந்தைக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ சுண்டுவிரல் அகலத்துக்கு மேல் போய்விட்டால் அதை மூட்டு விலகல் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலும் பிரசவ நேரத்தில் நேரும் இது அபூர்வமானது. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

இந்த வலிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒற்றைக் காலில் நிற்கும் வேலை எதுவானாலும் வலிக்கும். நின்றபடி பாவாடை மாற்றும்போது, வாசற்படி ஏறும்போது, டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படியில் கால் தூக்கி வைக்கும்போது சுரீர் என்று பிடிக்கும். கால்களை அகட்டினாலும் வலிக்கும். சிலருக்கு முன் எலும்பில் 'கிளுக்' என்று சத்தம் கேட்கும் அல்லது உராய்வது தெரியும். படுத்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணியும்.

ஆனால் கர்ப்ப காலத்தில் வரும் எல்லா அடிவயிற்று வலியையும் இதன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். விட்டு விட்டு வந்து, வரவர நெருங்கும் வலி பிரசவ வலியாக இருக்கலாம், ஏழாம் மாதமானாலும் சரி. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால் அது சிறுநீர்த் தொற்று. ரத்தம் பட்டாலோ, நீர் உடைந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கால் மரத்துப்போய் சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் நெடுநாள் குறைந்து எலும்பு மென்மையாகிப்போன பெண்களும் இதே வாத்து நடைதான் நடப்பார்கள். அவர்களுக்கு வேண்டிய வைத்தியம் வேறு. நாலாம் மாதத்திலிருந்து தினம் இரண்டு கால்சியம் மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அது அலமாரியில் தூங்குவதற்காக அல்ல. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும்.

வலி எதனால் என்று செவிலியரோ மருத்துவரோ பார்த்துச் சொல்லட்டும். கையால் தொட்டும் காலை அசைத்தும் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முழங்கால்கள் சேர்ந்தே இருக்கட்டும்

பாதி வைத்தியம் இந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது. எழும்போதும், திரும்பும்போதும், ஏறும்போதும் இரண்டு முழங்காலையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் படுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள். புரள வேண்டுமானால் முழங்கால்களை மடக்கிச் சேர்த்துக்கொண்டு, தோளும் இடுப்பும் காலும் ஒன்றாக, மரக்கட்டை உருளுவதுபோல உருளுங்கள். எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் சேர்த்துக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். தரையிலிருந்து எழுவதைவிடக் கட்டிலிலிருந்து எழுவது எளிது. ஆனால் நடுவில் குழிந்துபோன கயிற்றுக் கட்டில் உதவாது; பலகைக் கட்டில் நல்லது.

துணியை உட்கார்ந்துகொண்டு மாற்றுங்கள். படி ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலி அதிகமான காலை முதலில் வையுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. ஆட்டோவிலோ காரிலோ ஏறும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். மோட்டார் சைக்கிளில் இருபக்கமும் கால் போட்டு உட்காருவது இந்த மூட்டுக்குப் பெரிய எதிரி.

குடத்தை இடுப்பில் வைத்துத் தண்ணீர் சுமப்பதை அறவே நிறுத்த வேண்டும். ஒரு பக்கமாக அத்தனை கனத்தை ஏற்றினால் ஆடுகிற வளையம் மேலும் கோணும். மூத்த பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதும் அப்படித்தான். பிள்ளை அழுதால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். நடவு, களையெடுப்பு, புல்லுக்கட்டு, மாட்டுக் கொட்டகை கழுவுவது இவையெல்லாம் வேறு கைக்கு மாற வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை தாராளமாகச் செய்யலாம். காய் நறுக்க அரிவாள்மணையை விட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கத்தியால் நறுக்குங்கள். நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கவும் வேண்டாம்; வலி எடுக்காத அளவுக்குச் சிறிது தூரம், சிறு அடியாக நடப்பது நல்லது.

வளைகாப்பு நடத்துகிறீர்களா? சந்தோஷம். ஆனால் மணையில் சம்மணமிட்டு ஒரு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் வளையல் கையில் ஏறும்.

கணவரே, இது உங்களுக்கு

உங்கள் மனைவி எட்டு குடம் தண்ணீர் தூக்கியதை நேற்றுவரை பார்த்திருப்பீர்கள். இன்று ஒரு குடம் தூக்க முடியவில்லை என்றால் நம்புவது கஷ்டமாக இருக்கலாம். முகத்தில் காயமில்லை, காய்ச்சலில்லை, காலில் வீக்கமில்லை. கண்ணுக்குத் தெரியாத வலியை நம்ப ஒருவர் வேண்டும். அது நீங்களாக இருங்கள். உங்கள் தாயாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். மருமகள் சொன்னால் சாக்காகப்படும். மகன் சொன்னால் வைத்தியர் சொன்னதாகப்படும். சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போய்விட்டால் இன்னும் நல்லது. செவிலியரே எடுத்துச் சொல்லிவிடுவார்.

குத்துக்காலிட்டு உட்காருவதால் மலம் கழிப்பது இந்தப் பெண்களுக்குப் பெரும் வேதனை. வெட்கத்தால் சொல்லமாட்டார்கள், சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள். அதனால் மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கி வலி இன்னும் கூடும். உட்காரும் இடத்தில் வட்டமாக அறுத்து எடுத்த உறுதியான மர நாற்காலி ஒன்றை வீட்டுக் கழிவறையின் மேல் போட்டுவிட்டால் போதும். ஊர்த் தச்சருக்கு அது ஒரு மணி நேர வேலை.

மருத்துவர் சொன்னால் இடுப்புப் பட்டை ஒன்று வாங்க வேண்டியிருக்கும். சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டா ஏற்றிக் கட்டைகளை இறுக்குகிறோமே, அதே தத்துவம்தான். அது வயிற்றின் மேல் கட்டுவதல்ல. வயிற்றுக்குக் கீழே, தொடை எலும்பு பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் மட்டத்தில் சுற்றி வர வேண்டும். நடக்கும்போது கட்டி, படுக்கும்போது கழற்றிவிடலாம். எப்படிக் கட்டுவது என்றும், எந்தத் தசையை வலுப்படுத்த என்ன பயிற்சி என்றும் இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுப்பார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊரில் அந்த வசதிக்கு யாரைக் கேட்பது என்று கிராம சுகாதார செவிலியர் சொல்வார்.

வலி மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் சாப்பிடலாம். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், புரூபென் போன்றவை கர்ப்ப காலத்தில், முக்கியமாக ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்துக்கு அருகிலுள்ள ரத்தக் குழாயையும் பாதிக்கக் கூடும். "சுளுக்கு எடுக்கிறேன்" என்று காலை இழுத்து முறுக்குபவரிடம் கொண்டு போகவே வேண்டாம். இளகியிருக்கும் மூட்டை இழுத்தால் என்னவாகும்?

தாம்பத்திய உறவு பற்றியும் சொல்லிவிடுகிறோம். மருத்துவர் தடுக்காதவரை அதற்குத் தடையில்லை. ஆனால் மனைவியின் கால்கள் அகலும் நிலை வலி தரும். பக்கவாட்டில் படுத்த நிலை நல்லது. "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால் அது கோபத்தினால் என்று எண்ணிவிடாதீர்கள்.

பிரசவ நேரத்தில்

இந்த வலி இருக்கிறது என்பதற்காக மட்டும் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் சுகமாகவே பெற்றெடுக்கிறார்கள். பிரசவம் பார்ப்பவருக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டாம் மாதத்தில் வீட்டிலேயே ஒரு காரியம் செய்யுங்கள. மனைவி மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வலி தொடங்கும்வரை மெதுவாக அகட்டட்டும். வலி தொடங்கிய இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தையல்காரர் டேப்பால் கணவர் அளக்கட்டும். டேப் இல்லாவிட்டால் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டாலும் சரி. அந்த அளவைத் தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ அறையில் இயன்றவரை அதற்கு மேல் கால்களை அகட்டக் கூடாது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் இந்த அளவு இன்னும் முக்கியம். ஏனென்றால் அப்போது வலி வந்து தாயை எச்சரிக்காது.

இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தோ, கையும் முழங்காலும் ஊன்றிய நிலையிலோ பிள்ளை பெறலாம். மேசையில் காலைத் தூக்கி வைக்க நேர்ந்தால் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கி, ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஆளுக்கொரு காலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுப்பதும், வயிற்றின் மேல் ஏறி அமுக்குவதும் மூட்டை விலக்கிவிடக் கூடிய காரியங்கள். துணைக்குச் செல்லும் பெண்மணி இதைப் பணிவாக, தைரியமாக நினைவூட்டலாம். ஒன்று மட்டும்: குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால் மருத்துவர் தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்க வேண்டிவரும். அது குழந்தையின் உயிரைக் காக்கும் காரியம். அப்போது குறுக்கே பேசக் கூடாது.

குழந்தை பெரிதாக இருந்தாலோ, பிரசவம் மிக வேகமாக நடந்தாலோ, ஆயுதம் போட்டு எடுக்க நேர்ந்தாலோ, முன்பு விபத்தில் இடுப்பெலும்பில் அடிபட்டிருந்தாலோ மூட்டு விலகும் வாய்ப்பு கூடும். விலகும்போது சிலருக்கு 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். சிலருக்குப் பிரசவம் முடிந்து, எழுந்து நடக்கப் பார்க்கும்போதுதான் தெரியும்: கால் தூக்க வராது, முன் எலும்பில் கை பட்டாலே உயிர் போகும், அங்கே ஒரு பள்ளம்கூடத் தட்டுப்படலாம். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணி கட்டுவது நம் ஊர் வழக்கம். இந்தப் பெண்ணுக்குக் கட்டு இன்னும் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி வர வேண்டும். வீட்டில் இருக்கும்போது தெரியவந்தால், வண்டி வரும்வரை ஒரு வேட்டியை அகலமாக மடித்துத் தொடை எலும்புப் புடைப்பு மட்டத்தில் சுற்றி, மூச்சு முட்டாமல் இறுக்கமாகக் கட்டி, முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள். நடக்க வைக்காதீர்கள், படுத்த நிலையிலேயே கொண்டு செல்லுங்கள்.

வைத்தியம் பெரும்பாலும் கட்டு, ஓய்வு, பிறகு கைத்தாங்கி வைத்து நடைப் பயிற்சி, இவைதான். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் கூடுதல் மாதங்கள் பிடிக்கும். இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். படுக்கையில் இருக்கும் நாட்களில் கணுக்காலை மேலும் கீழும் அடிக்கடி அசைக்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பில் அசைவின்றிக் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையக் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டு வலியோடு காய்ச்சலும் வந்தால் அதுவும் அவசரமே. மூட்டில் சீழ் வைத்திருக்கலாம்.

தாய்ப்பால் கொடுப்பதை இதற்காக நிறுத்த வேண்டாம். பக்கவாட்டில் படுத்தே கொடுக்கலாம். குழந்தையை எடுத்துத் தருவதும், துணி மாற்றுவதும், ராத்திரி தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பதும் தகப்பன் கையிலேயே நடக்கலாம்.

அடுத்த குழந்தை

ஒரு முறை வந்த பெண்ணுக்கு அடுத்த கர்ப்பத்திலும் இந்த வலி வர வாய்ப்பு அதிகம். சிலருக்கு முன்னதாகவே தொடங்கும். ஆகையால் மூட்டு நன்றாகத் தேறி, உடம்பில் பலம் ஏறிய பிறகே அடுத்ததைப் பற்றி யோசியுங்கள். மூன்று வருட இடைவெளி நல்லது. காப்பர்-டி, 2017 முதல் அரசு வழங்கிவரும் 'அந்தரா' ஊசி, ஆணுறை என்று வழிகள் பல இருக்கின்றன. காப்பர்-டி போடும்போதும் எடுக்கும்போதும் கால்களை அகட்ட வேண்டியிருக்கும். அதனால் மூட்டு வலி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்தும் செய்யலாம்.

குழந்தைகள் போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டால், ஏற்கெனவே இடுப்பு நொந்த மனைவியைத்தான் மேசையில் படுக்க வைக்க வேண்டும் என்பதில்லை. தையலில்லாத ஆண் கருத்தடை சில நிமிட வேலை. அன்றே வீடு திரும்பலாம். ஆண்மைக்கு எந்தக் குறையும் வராது. ஆனால் அதன்பின் மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரிந்த பிறகே அதை நம்பலாம்.

மறுபடி கருத்தரித்தால், பெயரைப் பதிவு செய்யும் முதல் நாளிலேயே "போன தடவை முன் எலும்பு மூட்டு விலகியது" என்று செவிலியரிடம் சொல்லி அட்டையில் எழுத வையுங்கள். போன முறை எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பரணில் போடாமல் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று அதை வைத்துத்தான் மருத்துவர் தீர்மானிப்பார்.